தாம்பாளத்தில் வந்த நீச்சல் கண்ணாடி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓர் எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது. நடுவில் தாமரை அச்சு, விளிம்பில் பெயர் வெட்டியது. அது என்னுடையதல்ல, என் சம்பந்தியம்மாவுடையது. அதாவது என் மகளைக் கட்டிக்கொண்ட பிள்ளையின் அம்மா. ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தாம்பாளம் முதன்முதலாக எங்கள் வாசல்படி ஏறியபோது, அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம், இரண்டு முழம் கதம்பம் எல்லாம் முறைப்படி இருந்தன. அவற்றுக்கு நடுவில், குங்குமச் சிமிழ் இருக்க வேண்டிய இடத்தில், நீல நிறத்தில் ஒரு நீச்சல் கண்ணாடி இருந்தது.

எங்கள் பக்கத்தில் சீர்த்தட்டு போகிற திசை ஒன்றுதான்: பெண் வீட்டிலிருந்து பிள்ளை வீட்டுக்கு. தீபாவளி, பொங்கல், ஆடி என்று நாங்கள்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு போவோம். எதிர்த்திசையில் ஒரு தட்டு வந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். அதனால் அன்று சம்பந்தியம்மா தாம்பாளத்தை நீட்டியதும் பயந்துபோனேன். பெங்களூரில் இருக்கும் பிள்ளைகளுக்குள் ஏதாவது மனத்தாங்கலா, என் மகள் வாய்த்துடுக்காக ஏதும் பேசிவிட்டாளா என்று ஒரு நொடியில் பத்து விதமாக யோசித்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்த பிறகும் பயம் போகவில்லை. பயத்தோடு குழப்பமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சம்பந்தியம்மாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். திருவையாற்றுக்குக் கிழக்கே குடமுருட்டி ஆற்றங்கரையில் அவர்கள் ஊர். எட்டு ஏக்கர் நஞ்சையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மடை பார்க்கப் போனால் ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவார். அவர் நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டால் அடுத்த வயலில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரலில்தான் அன்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"உங்க மாப்பிள்ளை போன மாசம் ஒரு போட்டிக்குப் போயிருக்கான். போட்டோ அனுப்பினான். மொதல்ல நீந்தணும், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். டிரையத்லான்னு பேராம். நானும் நல்லா யோசிச்சுப் பாத்தேன் சம்பந்தி. ஆத்துல குளிக்கிறேன், சைக்கிள்ல வயலுக்குப் போறேன், மாடு அவுத்துக்கிட்டா ஓடுறேன். இதுல எனக்கு எது தெரியாது?"

மாசி மாதம் மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கல்லூரியில் அப்படி ஒரு போட்டி நடக்கப்போகிறதாம். வயது வரம்பு கிடையாதாம். ஆனால், "தனியாப் போகாதே, தொணைக்கு ஆள் இருந்தா போ" என்று சம்பந்தி ஐயா சொல்லிவிட்டாராம். "நீங்க மாயவரத்துக்காரங்க, சின்ன வயசுல காவேரியில நீந்தினவங்கதானே?" என்று கேட்டார்.

பெண்ணைப் பெற்றவள் சம்பந்தியிடம் 'முடியாது' என்று சொல்லிப் பழகியிருக்க மாட்டாள். "அதுக்கென்ன சம்பந்தி, தாராளமா" என்றுதான் என் வாயிலிருந்து வந்தது. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "டிரையத்லானுக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. நீயும் தட்டை வாங்கிக்கிட்டே. இனிமே மாத்த முடியாது" என்றார்.

ஆனால் மரியாதைக்காக மட்டும் சரி என்றேன் என்று எழுதினால் அது பொய். நான் கணக்கு டீச்சர். இருபத்தேழு வருடமாகப் பள்ளி விளையாட்டு விழாவில் எனக்கு ஒரே வேலைதான். முடிவுக் கோட்டருகே ஒரு நாற்காலி, கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் அட்டை. ஓடிவருகிற பிள்ளைகளின் நேரத்தை எழுதுவேன். நான் படித்த காலத்திலும் அப்படித்தான், "நீ கணக்குல கெட்டி, நீ எழுது" என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு முறையாவது யாராவது என் நேரத்தை எழுத வேண்டும், நான் ஒரு கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்திருக்கிறது. அந்த நீலக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

ஆற்றில் தண்ணீர் வந்த பத்தாவது நாள் பயிற்சி தொடங்கியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தஞ்சாவூரிலிருந்து முதல் பஸ் பிடித்து அவர்கள் ஊருக்குப் போவேன். முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் வைத்த நீச்சல் உடைகளை மகள் அனுப்பியிருந்தாள். சம்பந்திகள் ஒருவர் முன் ஒருவர் அந்தக் கோலத்தில் நிற்பதாவது! இருவரும் அதன்மேல் நைட்டி, நைட்டியின்மேல் துண்டு என்று போர்த்திக்கொண்டு படித்துறைக்குப் போனோம். "நீங்க இறங்குங்க சம்பந்தி" என்றார் அவர். "ஐயோ, நீங்க மொதல்ல" என்றேன் நான். "வயசுல சின்னவங்க, நீங்க." "முறையில பெரியவங்க, நீங்க." இப்படியே பேசிப் பேசிக் கிழக்கு வெளுத்துவிட்டது. துணி துவைக்க வந்த ஒரு பெண்மணி, "ரெண்டு பேரும் இறங்கலேன்னா நான் இறங்குறேன், தள்ளுங்க" என்ற பிறகுதான் தண்ணீரில் கால் வைத்தோம். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஆற்றுக்குள் முங்கி எழுந்தேன். கையும் காலும் எதையும் மறக்கவில்லை. மூச்சுதான் மறந்திருந்தது.

ஏற்பாடு எல்லாம் சம்பந்தி ஐயாவுடையது. நாங்கள் மேலப் படித்துறையில் இறங்குவோம். அவர் எங்கள் நைட்டிகளையும் துண்டுகளையும் மொபெட்டில் வைத்துக்கொண்டு கரையோடு போய்க் கீழப் படித்துறையில் காத்திருப்பார். இரண்டு துறைக்கும் நடுவே எண்ணூறு மீட்டர் என்று மொபெட்டின் மீட்டரைப் பார்த்து அளந்து சொன்னவரும் அவரே. நைட்டி போகிற இடத்துக்குத்தானே நாங்களும் போய்ச் சேர வேண்டும்! முதல் நாள் அந்தத் தூரத்தைக் கடக்கப் பதின்மூன்று நிமிடம் ஆயிற்று. நான் ஒரு நோட்டுப் போட்டுத் தேதிவாரியாக எழுதிக்கொண்டு வந்தேன். ஆவணியில் பன்னிரண்டு. புரட்டாசியில் பதினொன்று. ஐப்பசி மழையில் ஆறு நிறைந்து, மழை விட்ட ஒரு ஞாயிறன்று இறங்கினோம், ஒன்பதே நிமிடம்! சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். இந்த வயதில் இப்படி ஒரு முன்னேற்றமா என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் வரைபடம் போட்டுக் காட்டினேன். அவரும் தலையை ஆட்டினார்.

ஆடிப்பெருக்கன்றுகூட நாங்கள் விடவில்லை. படித்துறை முழுக்கப் பெண்கள், வாழையிலையில் காப்பரிசி, கருகமணி, மஞ்சள் கயிறு. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஆரஞ்சுத் தொப்பியும் நீலக் கண்ணாடியுமாக நாங்கள் மிதந்து வந்ததைப் பார்த்து ஒரு பாட்டு பாதியில் நின்றுபோனது. "யாரு, நம்ம மேலத்தெரு அம்மாவா?" என்று ஒருத்தி கேட்டாள். சம்பந்தியம்மா நீந்தியபடியே படியோரம் ஒதுங்கி வாயைத் திறந்தார். அவள் ஒரு பிடி காப்பரிசியைப் போட்டாள். மென்றுகொண்டே மறுபடி ஆற்றோடு போய்விட்டார். அன்றைக்கு நான் தண்ணீருக்குள் சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டேன்.

சைக்கிளில்தான் பெரிய சங்கடம். சுவாமிமலை வரை போய்த் திரும்புவோம். அவர் ஓட்டுவது கியர் வைத்த சைக்கிள், பிள்ளை வாங்கிக் கொடுத்தது. நான் ஓட்டுவது மகள் கல்லூரிக்குப் போன காலத்துச் சைக்கிள். ஆனாலும் என் கால் அவர் காலைவிட வேகம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? அவரை முந்த எனக்கு மனம் வரவில்லை. கல்யாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். சம்பந்தி வீட்டார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து கை நனைத்த பிறகுதான் எங்கள் ஆட்கள் இலை போட்டார்கள். நான் மாலை நான்கு மணிக்குச் சாப்பிட்டேன். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியது. அவர் மெதுவாகப் போனால் நானும் மெதுவாக, அவர் நின்றால் நானும் நிற்பேன். எப்போதும் ஒரு சக்கரம் பின்னால். ஒரு நாள் எங்களைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர், "இது பயிற்சியா, பொண்ணழைப்பா?" என்று கேட்டார். நான் முறைத்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்பது எனக்கும் தெரியும்.

போட்டி நாள் வந்தது. கல்லூரி வளாகத்துக்குள் பெரிய குளம், அதில் மஞ்சள் மிதவைகள். எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றையும் இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் மெடல், முடித்தவர் பட்டியலில் பெயர். சம்பந்தியம்மா இரண்டு சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கைப்பிடியில் கதம்பம் சுற்றிவிட்டார். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாரும் எங்கள் பிள்ளைகள் வயது. அவர்கள் செல்பி எடுத்துக்கொண்டார்கள். நான் நோட்டைப் புரட்டி ஒருமுறை பார்த்துக்கொண்டேன். நீச்சல் பத்து நிமிடம், மற்றதெல்லாம் ஒன்றே முக்கால் மணி. இரண்டு மணி நேரத்துக்குள் முடித்து மிச்ச நேரத்தில் மோர் குடிக்கலாம் என்பது என் திட்டம்.

விசில் ஊதியதும் இறங்கினேன். ஆற்றில் அடிப்பது போலவே கை அடித்தேன், கால் அடித்தேன். பழக்கப்படி நூறு வரை எண்ணித் தலையைத் தூக்கினால், மிதவை நான் புறப்பட்டபோது எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. இன்னொரு நூறு. மிதவை ஒரு மரியாதைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது போலிருந்தது. எனக்கு என்ன ஆயிற்று, மாரடைப்பா, கை கால் விழுந்துவிட்டதா என்று பயந்து மல்லாந்து மிதந்தேன். மேலே வானம் அசையாமல் இருந்தது. கரையில் ஒரு தென்னை மரம், அதுவும் அசையவில்லை. குடமுருட்டியில் மல்லாந்தால் மரமெல்லாம் மேற்கே ஓடும். அந்த நொடியில்தான் உறைத்தது. படகும் நீரோட்டமும்! நீரோட்டத்தின் திசையில் செல்லும் படகின் வேகம், நீரோட்டத்துக்கு எதிராகச் செல்லும் படகின் வேகம் என்று இருபத்தேழு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, தப்பாகப் போட்ட பிள்ளைகளை பெஞ்சில் ஏற்றி வைத்தவள் நான். ஏழு மாதமாக என்னைத் தூக்கிக்கொண்டு போனது ஆறு. நான் அதன் வேலையை என் நோட்டில் எழுதிச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். குளத்தின் நடுவே தனியாக மிதந்தபடி சிரித்தேன். படகில் காவலுக்கு நின்ற இளைஞர், "ஆன்ட்டி, ஹெல்ப் வேணுமா?" என்று கேட்டார். "கணக்கு தப்பாயிடுச்சு தம்பி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கவிழ்ந்து படுத்து ஒவ்வொரு முழமாக நீந்த ஆரம்பித்தேன்.

கரையேறியபோது முப்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. எல்லாரும் போயிருந்தார்கள். துண்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு சம்பந்தியம்மா மட்டும் நின்றிருந்தார். அவர் ஐந்து நிமிடத்துக்கு முன்பே ஏறிவிட்டாராம். "ஏன் நிக்கிறீங்க? போயிருக்கலாம்ல!" என்று பதறினேன். "தண்ணிக்குள்ள உங்கள விட்டுட்டு நான் எப்படிப் போறது? உங்க வீட்டு ஐயாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். பிறகு, "இந்தத் தண்ணிக்கு உசிரே இல்ல சம்பந்தி. நம்ம ஆறு எவ்வளவு தங்கமான ஆறு!" என்று ஒரு குறையும் சொன்னார். அவரிடம் படகுக் கணக்கை விளக்க அப்போது நேரமில்லை.

சைக்கிள் பாதை நெடுக அறுவடை நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தை, மாசியில் தார்ச் சாலை பாதி களம்தான். போட்டி நடத்தியவர்கள் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொண்டதால் ஒரு பக்கம் மட்டும் நெல், மறுபக்கம் எங்களுக்கு. ஓரிடத்தில் காற்றில் நெல் பரவி வழியை அடைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் போன பிள்ளைகள் அதன்மேலேயே ஓட்டிக்கொண்டு போயிருந்த தடம் தெரிந்தது. சம்பந்தியம்மா இறங்கிவிட்டார். நெல்லின்மேல் சக்கரம் ஏற்ற அவரால் முடியாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தார். அவர் இறங்கிய பிறகு நான் எப்படி ஓட்டுவேன்? நானும் தூக்கினேன். மரக்கட்டையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்களும் சைக்கிளோடு தலையைக் குனிந்து கும்பிட்டோம்.

ஓட்டம் தொடங்கியபோது நேரம் மிக நெருங்கியிருந்தது. மூன்றரை கிலோமீட்டர் தாண்டியதும் சம்பந்தியம்மாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டி நொண்டி ஓடினார். நான் வழக்கம்போல இரண்டடி பின்னால். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒன்றரை கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். என் கால் சொன்னபடி கேட்டது, மூச்சும் இருந்தது. ஓடினால் முடித்துவிடுவேன் என்று தெரிந்தது. அந்தக் கோடு, அந்த நேரம், அந்தப் பட்டியல் எல்லாம் ஒன்றரை கிலோமீட்டரில் இருந்தன. ஆனாலும் அவருடைய முதுகைத் தாண்ட என்னால் முடியவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். "ஏன் சம்பந்தி பின்னாடியே வர்றீங்க? உங்களுக்கு மூச்சே வாங்கலையே!"

"பரவால்ல, நீங்க போங்க. நான் வர்றேன்."

"நான் எங்க போறது, காலு இழுக்குது. நீங்க போங்க."

"அதெப்படி, நீங்க இருக்கும்போது…"

அவர் நடுச்சாலையில் நின்றுவிட்டார். இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "இத பாருங்க. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, நான் மாப்பிள்ளையப் பெத்தவ, சொன்னதக் கேளுங்கன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"இல்லீங்க."

"இப்பச் சொல்றேன். மாப்பிள்ளையப் பெத்தவ சொல்றேன். முன்னாடி போங்க!"

அடுத்த வயலுக்குக் கேட்கும் குரல் அது. அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு எந்த முறையிலும் இடமில்லை. ஓடினேன். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. முடிவுக் கோட்டருகே நாற்காலியில் அட்டையும் கையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் தாண்டியதும் குனிந்து என் நேரத்தை எழுதினாள். நாற்பது நொடி மீதி இருந்தது. கழுத்தில் மெடலைப் போட்டார்கள். நான் திரும்பிச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்தார். நேரம் முடிந்து நான்கு நிமிடம் கழித்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். மெடல் இல்லை. என் மெடலைத் துண்டுக்குள் மறைத்தேன். அவர் துண்டை விலக்கி, அதை நேராக்கி, "போட்டோ எடுக்கணும், கழட்டாதீங்க" என்றார். அவருக்கு ஒரு துளி வருத்தமும் இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கரையில் எனக்காக நின்றது ஐந்து நிமிடம், தாமதமாக வந்தது நான்கு. மூன்றாம் வகுப்புக் கழித்தல். வீடு வரும் வரை, அதற்குப் பிறகும் பல நாள், நான் அதையே போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் தாம்பாளத்தை எடுத்துத் துடைத்தேன். வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது. ஒரு எலுமிச்சம்பழமாவது, ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் முறை. நான் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து நடுவில் மெடலை வைத்தேன். கொண்டுபோய் நீட்டினேன். சம்பந்தியம்மா கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

"இது என்ன சீரா? ஓடினது நீங்க" என்றார்.

"நீங்க கரையில நிக்கலேன்னா உங்களுக்குக் கெடச்சிருக்கும் சம்பந்தி. அஞ்சு நிமிஷம் நின்னீங்க, நாலு நிமிஷத்துல போச்சு."

"கணக்கு டீச்சர்னா எல்லாத்தையும் கழிச்சுப் பாக்கணுமா? நின்னது என் இஷ்டம். என் மெடல நானே போய் எடுத்துப்பேன்." பிறகு குரல் தணிந்தது. "ஆனா ஒண்ணு. அடுத்த தடவை நான் கரையில நிக்க மாட்டேன். நீங்களும் என் பின்னாடி வரக் கூடாது. நீங்க எனக்காக மெதுவா ஓடுறீங்கன்னு தெரிஞ்சா எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க?"

இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நான் போனதெல்லாம் மரியாதை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது முதுகில் ஒரு சுமையாக இருந்திருக்கிறது. தட்டிலிருந்து வெற்றிலையையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு, மெடலை அப்படியே விட்டு, இரண்டு பிடி உளுந்தை அள்ளி வைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். தாம்பாளம் மறுபடி எங்கள் அலமாரிக்கு வந்தது. அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே இருந்தது.

அடுத்த ஆனியில் தண்ணீர் வந்ததும் நாங்கள் கீழப் படித்துறையில் இறங்கினோம். நைட்டிகள் மேலப் படித்துறைக்குப் போயின. முதல் நாள், இழுப்புக் குறைந்த கரையோரமாகவே போயும், எண்ணூறு மீட்டர் மேலே ஏற நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை நாணலைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். சம்பந்தி ஐயா அந்த நேரத்தில் செய்தித்தாளை வரி விளம்பரம் வரைக்கும் படித்து முடித்துவிட்டார். "தண்ணி போற பக்கம் போனா என்னங்க?" என்று துணி துவைக்கும் பெண்மணி கேட்டார். "தண்ணி தானாப் போயிக்கும், நாங்கதான் போகணும்" என்றார் சம்பந்தியம்மா. எதிர்நீச்சல் போட வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அது தோள்பட்டையில் எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாலையில் முந்துவதற்கும் பழகினேன். முதல் சில நாள் "போயிட்டு வர்றேங்க" என்று அனுமதி கேட்டுக்கொண்டு முந்தினேன். பிறகு மணி மட்டும் அடித்தேன். தீபாவளிக்கு அப்புறம் மணியும் அடிக்கவில்லை.

போன மாசியில் மறுபடி அதே குளம். இந்த முறை மிதவைகள் வர வேண்டிய நேரத்துக்கு வந்தன. இருபத்து நான்கு நிமிடத்தில் கரையேறிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். கரையில் யாரும் இல்லை. துண்டை விரித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. ஈரக் காலடிகள் சைக்கிள்கள் இருக்கும் இடம் வரை போயிருந்தன. அங்கே அவர் சைக்கிள் இருந்த இடம் காலி, தரையில் இரண்டு மரிக்கொழுந்து மட்டும் உதிர்ந்து கிடந்தது. அந்த வெறும் கரையைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! என் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது என்று தெரிந்த நாளில் இப்படி ஒரு நிம்மதி வந்தது. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

ஓட்டத்தில் நான்காவது கிலோமீட்டரில் அவரைப் பிடித்தேன். பக்கத்தில் வந்தபோது பழைய கால் ஒரு நொடி தயங்கத்தான் செய்தது. "வேடிக்கை பாக்காமப் போங்க, காத்த மறைக்காதீங்க" என்றார், திரும்பிப் பார்க்காமலேயே. முந்திக்கொண்டு போனேன். நான் கோட்டைத் தாண்டி இரண்டு நிமிடத்தில் அவரும் தாண்டினார். ஆறு நிமிடம் மீதி. மெடலை வாங்கியதும் பல்லால் கடித்துப் பார்த்தார். "நெல்லு மாதிரிதான், கடிச்சாத்தான் பதம் தெரியும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்து தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை வாங்கவில்லை, பழம் வாங்கவில்லை. வெறும் தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு எலுமிச்சம்பழமாவது வாங்கிக்கொள் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. திருவையாற்றில் இறங்கிப் பழக்கடை வாசலில் ஒரு நிமிடம் நிற்கவும் செய்தேன். வாங்காமல் அடுத்த பஸ் ஏறிவிட்டேன்.

சம்பந்தியம்மா அடுப்படியில் இருந்தார். நான் பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை என்பது அவர் முகத்தில் எதையும் மாற்றவில்லை.

"கழுவினதுதானே?" என்று கேட்டார்.

"கழுவியாச்சு."

அடுப்பிலிருந்து அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஆவி பறக்க அதில் கொட்டினார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, நடுவில் தட்டை வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் இதைவிட நீளமான போட்டி ஒன்று இருக்கிறதாமே என்று பேசிக்கொண்டே தோலை உரித்துத் தின்றோம். தட்டில் யார் முதலில் கை வைத்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.